துறைமுகத்து இரண்டு விளக்குகள்

சாப்பாட்டு மேஜை மேல் பழைய செய்தித்தாளை விரித்து, அதன் மேல் படத்தை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். உட்கார்ந்து வரைகிற பழக்கம் அந்த நாட்களில் என்னை விட்டுப் போயிருந்தது. இரண்டு தீற்றல் போட்டதும் பின்னால் நகர்ந்து பார்க்க வேண்டும். நகர்ந்தால் சமையலறைக் கதவு முதுகில் இடிக்கும். மறுபடி முன்னால் வருவேன்.

படம் ஒரு துறைமுகம். அந்தி நேரம். வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நீலம். எது எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது. இரண்டு பக்கத்திலிருந்தும் கல் சுவர்கள் கடலுக்குள் நீண்டு போகின்றன. ஒரு சுவரின் நுனியில் சிவப்பு விளக்கு. எதிர்ச் சுவரின் நுனியில் பச்சை. உள்ளே வரும் கப்பல்களுக்கான அடையாளம். இந்த இரண்டு பொட்டுகளைத் தவிரப் படத்தில் வேறு அழுத்தமான வண்ணமே கிடையாது. யாரோ ஒரு பிரெஞ்சுக்காரர் என்றைக்கோ வரைந்ததை நான் போஸ்டர் கலரில் காப்பி அடித்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் சாலமன் டியூட்டி முடிந்து வந்து, முகம் கழுவி, காபி டம்ளரோடு பக்கத்தில் நின்றார்.

"பச்சை கொஞ்சம் தூக்கலா விழுந்துடுச்சோ? பாருங்களேன்," என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். வேண்டியதை விட அதிக நேரம் பார்த்தார்.

"எது பச்சை?"

"விளையாடாதீங்க. வலது பக்கத்து விளக்கு."

"ரெண்டுமே ஒரே மாதிரிதானே போட்டிருக்கே. அழுக்கு மஞ்சள்ல."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார். காபியை வாயில் வைக்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

அவர் தாம்பரத்துக்கும் பீச் ஸ்டேஷனுக்கும் இடையே ஓடும் மின்சார ரயிலில் மோட்டார்மேன். அதாவது வண்டியின் முன்னால் உட்கார்ந்து, சிவப்புக்கு நிறுத்தி, பச்சைக்கு ஓட்டுகிறவர்.

கப்பல் கம்பெனி காலண்டர்

இந்தத் தொடரில் இதுவரை அவரைப் பற்றி நான் அதிகம் எழுதவில்லை. தன்னைப் பற்றிப் பேசுவது அவருக்குப் பிடிக்காது. வீட்டில் போட்டோ எடுத்தால்கூடப் பின் வரிசையில் போய் நிற்பார். அவர் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. இனி எழுதினால் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

அப்போது நாங்கள் தாம்பரம் கிழக்கில், சேலையூர் போகும் கேம்ப் ரோட்டில் ஒரு சின்ன வாடகை வீட்டில் இருந்தோம். எழுபதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சர். பானை, மாங்காய், செம்பருத்திப் பூ, விரித்த குடை. முதலில் கோடு ஒழுங்காக வரட்டும், வண்ணம் பிறகு என்பதுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுவே.

அந்தக் காலண்டர் என் அண்ணன் ஆல்பர்ட் மூலமாக வந்தது. பாரிமுனையில் கப்பல் ஏஜென்சி ஒன்றில் அவனுக்கு வேலை. வெளிநாட்டுக் கப்பல் கம்பெனி ஒன்று ஆபீசுக்கு அனுப்பிய காலண்டர், வருஷம் முடிந்து குப்பைக்குப் போக இருந்தது. "படம் நல்லா இருந்துச்சு, உனக்குத்தான் ஆகும்னு எடுத்தாந்தேன்," என்று சுருட்டிக்கொண்டு வந்து கொடுத்தான். தேதியும் பழசு, மாதப் பெயர்களும் பிரெஞ்சில். ஆனால் பன்னிரண்டு தாளிலும் கடல்.

கரைக்கு மேலே இழுத்துப் போட்ட படகுகள். கடல் அரித்த வெள்ளைப் பாறை. காற்றில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு கரையில் நிற்கும் பெண்கள். புகை கக்கும் நீராவிக் கப்பல். முட்டி வரை தண்ணீரில் இறங்கி ஏதோ பொறுக்குகிறவர்கள். மூடுபனியில் பாய்மரங்கள். ஓவியர்களின் பெயர்கள் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்தன, வாயில் நுழையவில்லை. இந்த வகைக்கு இம்ப்ரஷனிஸம் என்று பெயர் என்பதும், முதலில் அந்தப் பெயரைக் கேலியாகத்தான் வைத்தார்கள் என்பதும், எங்கள் பள்ளிச் சரித்திர டீச்சர் ஏதோ கலைக்களஞ்சியத்தில் பார்த்து எனக்குச் சொன்னது.

என்னை உலுக்கியது வேறு. அந்தப் படங்களில் கோடே கிடையாது. கிட்டே போனால் வெறும் தீற்றல், யாரோ துடைக்க மறந்த மாதிரி. நாலடி தள்ளி நின்றால் தண்ணீர் அசைகிறது. நிழலுக்குக் கறுப்பு போடவில்லை. ஊதாவும் நீலமும் போட்டிருக்கிறார்கள். அலையின் மேல் ஆரஞ்சுத் துண்டு ஒன்று சும்மா கிடக்கிறது. அதை விரலால் மறைத்துப் பார்த்தேன். கடல் செத்துப்போயிற்று. விரலை எடுத்தேன், மறுபடி உயிர் வந்தது.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஓடி ஓடிப் பழகிய கால்

இருப்புக் கொள்ளாததற்குக் காலண்டர் மட்டும் காரணமில்லை. அதற்கு முந்தைய ஆண்டு முழுவதும் நான் ஓட்டத்தில் இருந்தேன்.

சாலமனுக்கு இருமல் வந்தது, நிற்கவில்லை, ஒரு நாள் கைக்குட்டையில் ரத்தம் வந்தது. டி.பி. அந்தச் சொல்லை அந்த நாளில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைத்து, பல மாதம் அங்கேயே இருந்தார். நான் காலையில் பள்ளி, மாலையில் கஞ்சி டிபன் கேரியரோடு ஆஸ்பத்திரி, பிறகு வீடு. பஸ்ஸுக்காக நிற்கும்போதுகூட நடந்துகொண்டே இருப்பேன். நின்றால் பயம் வந்து மேலே உட்கார்ந்துகொள்ளும்.

அவர் தேறி வந்தார். எடை கூடியது, எக்ஸ்ரே சுத்தமானது. மாத்திரைகளை மட்டும் இன்னும் நீண்ட நாள் சாப்பிட வேண்டும் என்றார்கள். சில மாதம் கழித்து வேலைக்கும் திரும்பினார். ஆனால் என் கால்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. மாலை நேரம் வந்தால் எங்கேயாவது போ, போ என்று அவை அரித்தன.

அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், அவர் டியூட்டியில் இருக்கும் வாரங்களில், கேளம்பாக்கம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறிக் கோவளத்துக்குப் போக ஆரம்பித்தேன். வழியில் உப்பளங்கள். வெயிலில் கண்ணைத் திறக்க முடியாத வெள்ளை. அதற்கப்புறம் சவுக்கு மரங்கள், பிறகு கடல்.

பன்னிரண்டு படத்தைப் பார்த்துவிட்டுப் போனவளுக்குக் கோவளம் அடங்கவே மாட்டேன் என்றது. அங்கே மூடுபனி இல்லை, மெல்லிய வெளிச்சம் இல்லை. காற்று தாளைப் பிடுங்கியது. பிரஷ் நுனியில் மணல் ஒட்டியது. ஒரு நீலத்தைக் கலந்து முடிப்பதற்குள் கடல் வேறு நீலத்துக்குப் போய்விட்டிருக்கும். நான்கு தாளைக் கிழித்துப் போட்ட பிறகு ஐந்தாவதில் ஏதோ ஒன்று வந்தது.

பக்கத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள் எழுந்து வந்து பார்த்தார்.

"இன்னாம்மா எழுதிக்கினு கீற?"

"கடலைப் படமா போடறேன்மா."

"நான் ஒருத்தி காத்தாலருந்து இங்க குந்திக்கினு கீறேன். என்னைப் போடலையே."

"போட்டிருக்கேனே. இதோ, இதுதான் நீங்க." ஒரு சிவப்புத் தீற்றலைக் காட்டினேன். அவர் சேலை அந்த நிறம்.

அவர் தாளை வாங்கி, அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். "இது நான் இல்ல. செவத்த சங்கரா மீனு," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

வீட்டில் வந்து சாலமனிடம் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்தது அன்றுதான். "உனக்கு ஏன் இந்த அலைச்சல்?" என்று கேட்கவில்லை. மறுநாள் ஒரு பழைய சாக்பீஸ் பெட்டியில் பிரஷ்களை அடுக்க மரத்தடுப்பு செய்து கொடுத்தார். அவர் அப்படிப்பட்டவர்.

மிளகாய்

துறைமுகப் படத்தில் அவர் பச்சையைக் கண்டுபிடிக்காத அந்த மாலைக்கு வருகிறேன்.

அவர் கொல்லையில் நின்றுகொண்டே இருந்தார். நான் படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். சிவப்பு சிவப்பாக இருந்தது, பச்சை பச்சையாக. மின்சார விளக்கின் மஞ்சளில் அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்காது என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சொல்லி முடிப்பதற்குள் கை தானாகக் காய்கறிக் கூடைக்குப் போயிற்று.

அந்த வாரம் வாங்கிய மிளகாயில் பாதி பழுத்துச் சிவந்து போயிருந்தது. ஒரு தட்டில் பச்சையும் பழமும் கலந்து போட்டு, அவர் உள்ளே வந்ததும் நீட்டினேன்.

"பழுத்ததை மட்டும் பொறுக்கிக் கொடுங்க. ஊறுகாய்க்கு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார். ஒன்றை எடுத்து விரலால் அழுத்தினார். கெட்டியாக இருந்ததை வைத்துவிட்டார். இன்னொன்றை எடுத்து அழுத்தினார். கண்ணால் அல்ல, தொட்டுத்தான் தேடிக்கொண்டிருந்தார். நாலைந்து எடுத்துத் தனியாக வைத்தார். அதில் இரண்டு பச்சை.

தட்டைக் கீழே வைத்தேன்.

"எத்தனை நாளா இப்படி?"

"ஒரு மாசம் இருக்கும். வெயில்ல போய் வர்றதால கண் கூசுதுன்னு நெனச்சேன்."

"அப்ப சிக்னல்?"

"மேல எரிஞ்சா பச்சை, கீழ எரிஞ்சா சிவப்பு. எடத்தைப் பாத்துத் தெரிஞ்சுக்குவேன். இந்த லைன்ல ஒவ்வொரு கம்பமும் எனக்கு மனப்பாடம் கிரேஸ்."

"காலைப் பனியில எடம் தெரியுமா?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னல் வரை போனார்.

"சொன்னா எறக்கிடுவாங்க," என்றார் ஜன்னல் பக்கம் பார்த்தபடி. "ஆபீஸ்ல ஏதாவது மேஜையைக் காட்டி உக்காருன்னுவாங்க. நான் ஆஸ்பத்திரில இருந்து வந்தப்ப டியூட்டி ரூம்ல எனக்குத் தனி டம்ளர் வெச்சாங்க, தெரியுமா? ஒருத்தரும் பக்கத்துல உக்காரல. அந்த கேபின் ஒண்ணுலதான் நான் பழைய ஆளா இருக்கேன். அங்க போய் உக்காந்தா எனக்கு ஒண்ணுமே வரலைன்னு தோணும்."

டம்ளர் விஷயம் எனக்கு அதுவரை தெரியாது. அழுகை வந்தது, அதற்கு இடம் கொடுத்தால் பேச வேண்டியதைப் பேச முடியாது.

"நாளைக்கு லீவு சொல்லுங்க. டாக்டரைப் பாப்போம்."

"நாளைக்குக் காலை வண்டிக்கு வேற ஆள் இல்ல. நாளைக்கு மட்டும் ஓட்டிட்டு வந்துடறேன்."

"சரி. நானும் அதே வண்டியில வர்றேன்."

"பைத்தியமா உனக்கு?"

"முன்னாடி லேடீஸ் பெட்டியில இருப்பேன். ஸ்கூல் லீவுதானே."

அவர் கோபத்தில் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கப் போனார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் கதவைச் சாத்தியது அந்த ஒரு தடவைதான்.

பெண்கள் பெட்டி

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம். மார்கழிப் பனி தாம்பரம் பிளாட்பாரத்தில் புகை போல நின்றது. காலண்டர்க்காரர்கள் பார்த்திருந்தால் பெட்டியைத் திறந்து பிரஷை எடுத்திருப்பார்கள். நான் சிக்னல் கம்பங்களைத்தான் தேடினேன். கம்பங்களில் விளக்கு இருந்தது தெரிந்தது. மேலா கீழா என்று தெரியவில்லை. கரைந்து போன வண்ணம் மட்டும்.

அவர் கேபினில் ஏறும்போது என்னைப் பார்த்தார். நான் பெட்டியில் ஏறிக்கொண்டேன்.

சானடோரியம், குரோம்பேட்டை. நான் கதவோரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண், "உள்ள எடம் கீதே, குந்துக்கா," என்றாள். என்னால் உட்கார முடியவில்லை. ஒவ்வொரு சிக்னலாக எட்டிப் பார்த்தேன். அது பச்சை, அவர் போகிறார். அடுத்ததும் பச்சை, போகிறார். சரியாகத்தான் ஓட்டுகிறார் என்று தோன்றிய ஒவ்வொரு தடவையும் என் பிடி இன்னும் இறுகியது. சரியாகத் தெரிந்து போகிறாரா, பச்சையாகத்தான் இருக்கும் என்று நம்பிப் போகிறாரா?

பல்லாவரம் தாண்டியதும் பனி இன்னும் அடர்ந்தது. மலைப் பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. வண்டி வேகம் குறைந்தது. மேலும் குறைந்தது. நின்றுவிட்டது.

எட்டிப் பார்த்தேன். சற்று முன்னால் சிக்னல் எரிந்துகொண்டிருந்தது. பச்சை.

யாரும் முதலில் பொருட்படுத்தவில்லை. பிறகு முணுமுணுப்பு எழுந்தது. ஆண்கள் பெட்டியிலிருந்து ஒருவர் இறங்கிப் பார்த்தார். "பச்சைதானே போட்டிருக்கான், ஏன் நிக்கிறான்?" வண்டியின் பின் கோடியிலிருந்து கார்டு தாமோதரன் கல் மேல் தடுமாறிக்கொண்டு முன்னால் வந்தார். எனக்கு அவரைத் தெரியும். எங்கள் வீட்டுக்கு வந்து கேக் சாப்பிட்டவர்.

"இன்னா சாலமன் சார், பச்சை போட்டு எவ்ளோ நேரமாவுது. பெல்லு குடுக்கறேன், அசைய மாட்டேங்கற."

கேபின் கதவு திறந்தது. என் பெட்டியிலிருந்து அவர் முகம் தெரியவில்லை, குரல் மட்டும் கேட்டது. நிதானமாக இருந்தது.

"பச்சையான்னு எனக்குத் தெரியல தாமு. நீ பாத்துச் சொல்லு."

தாமோதரன் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"தெரியலன்னா? கண்ணு இன்னா ஆச்சு?"

"கலர் தெரியல. நீ இங்கயே என் பக்கத்துல நில்லு. மெதுவா அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் கொண்டு போய் நிறுத்தறேன். அங்க மாஸ்டர்கிட்ட வேற ஆளைக் கேக்கணும்."

தாமோதரன் கைப்பிடியைப் பிடித்துக் கேபினில் ஏறினார். நடந்து போகிறவர் முந்திவிடும் வேகத்தில் வண்டி மீனம்பாக்கம் வந்து நின்றது. சாலமன் இறங்கி ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்கு நடந்தார். ஜனங்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். ஆபீசுக்கு நேரமாகிறது என்றார் ஒருவர். குடித்திருக்கிறான் என்றார் இன்னொருவர். அவர் நிமிர்ந்தபடி அவர்கள் நடுவே போனார்.

நான் பிளாட்பார பெஞ்சில் காத்திருந்தேன். வேறொரு மோட்டார்மேன் வந்து அந்த வண்டி கிளம்பிப் போகும் வரை அவர் வெளியே வரவில்லை. வந்தபின் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்:

"தினமும் ஓட்டறப்ப பின்னாடி இருக்கறது வெறும் பெட்டிதான் எனக்கு. இன்னிக்கு ஒண்ணுல நீ இருந்தே. அப்புறம் எல்லாத்துலயும் ஆள் இருக்கறது தெரிஞ்சுபோச்சு."

புள்ளிகள்

அன்று மதியமே டாக்டரைப் பார்த்தோம். சாலமனை ஆஸ்பத்திரியில் கவனித்துக்கொண்ட அதே டாக்டரம்மா. சுருக்கமாகப் பேசுகிறவர். வண்ணப் புள்ளிகளுக்குள் எண்கள் ஒளிந்திருக்கும் புத்தகம் ஒன்றைத் திறந்து காட்டினார். எனக்கு எட்டு தெரிந்த இடத்தில் சாலமனுக்கு ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தைத் திருப்பினார். அங்கேயும் இல்லை.

எனக்கு அந்தப் பக்கங்கள் காலண்டர்ப் படங்களைப் போலவே இருந்தன. பொட்டுப் பொட்டாக வைத்து, தள்ளி நின்றால் உரு தெரிகிற வித்தை. அந்த நேரத்திலும் அப்படித் தோன்றியதை நினைத்து எனக்கே ஆச்சரியம்.

"இந்த மாத்திரை ஆரம்பிக்கும்போதே சொன்னேன் இல்லையா சாலமன்? கண்ணுல எந்த மாற்றம் தெரிஞ்சாலும் உடனே வாங்கன்னு."

"சொன்னீங்க டாக்டர்."

"சிலருக்கு இது கண் நரம்பைப் பாதிக்கும். கலர்தான் முதல்ல மங்கும். சிவப்பு, பச்சை. அப்புறம்தான் பார்வை. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா எழுத்தே தெரியாமப் போயிருக்கும்." பேனாவை எடுத்து அந்த மாத்திரையின் பெயரை அடித்தார். "இதை இன்னியோட நிறுத்தறோம். வேற மாத்தித் தர்றேன். திரும்பி வரும்னு நெனைக்கிறேன், ஆனா மாசக் கணக்காகும். யார் கண்டுபிடிச்சது?"

"நாங்க படம் போட்டுக்கினு... போட்டுக்கிட்டு இருந்தோம் டாக்டர்," என்றார் சாலமன். பதற்றத்தில் அவருக்குச் சிறுவயதில் வளர்ந்த பேட்டையின் பேச்சு வந்துவிடும்.

"யாரு, நீங்களா?"

"இவங்க. நான் பாத்தேன். பாக்கத் தெரியலை."

மூன்று வண்ணங்கள்

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் வீட்டில் இருப்புக் கொள்ளாதவர் அவர்தான். அதிகாலையில் எழுந்து ஷேவ் செய்து, போக இடமில்லாமல் ஜன்னலில் நிற்பார். தூரத்தில் வண்டிச் சத்தம் கேட்டால் கை தானாக வண்டிக் கைப்பிடியைத் திருப்புவது போல அசையும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, "நானும் வரட்டுமா?" என்றார்.

இரண்டு பேரும் கோவளம் போனோம். நான் தாளை மடியில் வைத்துக்கொண்டேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர்க் கிண்ணம் காற்றில் கவிழாமல் பிடித்துக்கொண்டார். கட்டுமரங்கள் வந்துகொண்டிருந்தன.

"அந்த அலை என்ன கலர்?" என்று கேட்டார்.

"ஒரு கலர்னு சொல்ல முடியாதுங்க. அடியில பச்சை, முதுகுல சாம்பல். ஓரத்துல ஊதா மாதிரி ஒண்ணு."

"என் வேலையில மொத்தமே மூணுதான். சிவப்பு, மஞ்சள், பச்சை. அதுக்கு மேல ஒண்ணு இருந்தா ஆபத்து," என்றார். கடல் பக்கம் முகவாயை நீட்டினார். "இதுல எத்தனை இருக்கு?"

"எண்ண முடியாது."

"அப்ப எனக்குத் தெரியாம இருக்கறது பெரிய குறை ஒண்ணும் இல்ல," என்று சொல்லிவிட்டு மெல்லச் சிரித்தார். ஆனால் பார்ப்பதை நிறுத்தவில்லை. கண்ணை இடுக்கி, தலையைச் சாய்த்து, கடலிடம் ஏதோ கேட்பது போலப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதன்பிறகு ஞாயிறு தவறாமல் வந்தார்.

நிறம் ஒரே நாளில் திரும்பி வரவில்லை. முதலில் ஏதோ ஒரு படகின் பக்கப் பலகை "கொஞ்சம் சூடா" தெரிகிறது என்றார். சிவப்பு, மஞ்சள் வகைக்குப் படம் போடுகிறவர்கள் சொல்லும் அந்தச் சொல்லை எங்கிருந்து பிடித்தாரோ. சில வாரம் கழித்து, கருவாட்டுக்கார அம்மாளின் சேலை சிவப்பா என்று கேட்டார். சிவப்புதான். என்னிடம் கேட்டது போதாது என்று எழுந்து போய் அந்த அம்மாளிடமே கேட்டார்.

"ஏன் சார், சாயம் போயிடுச்சா?" என்றார் அவர்.

"இல்லம்மா. போகல," என்றார் சாலமன். சொல்லிவிட்டுத் திரும்பி வந்தவர் வெகு நேரம் என் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.

அந்த நாட்களில்தான் நான் காலண்டரைப் பார்த்துப் போடுவதை நிறுத்தினேன். தீர்மானம் செய்து நிறுத்தவில்லை. அவருக்குச் சொல்வதற்காக ஒவ்வொரு அலையையும் வார்த்தையாக்க வேண்டியிருந்தது. அப்படிச் சொல்லிச் சொல்லி, பிரெஞ்சுக் கடல் போய் எங்கள் கடல் தாளில் வர ஆரம்பித்தது. எங்கள் கடலுக்கு வெளிச்சம் அதிகம். நிழல் குட்டை. அதை அப்படியே வைக்க வேண்டும் என்பது புரிய எனக்கு ஒரு கோடைக்காலம் ஆயிற்று.

மதிலுக்கு அப்பால்

கடைசியில் ரயில்வே மருத்துவக் குழு அவரைக் கூப்பிட்டது. நானும் கூடப் போய் வெளியே தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்தேன். புள்ளிப் புத்தகத்தை ஏறக்குறைய முழுவதும் படித்துவிட்டாராம். ஏறக்குறைய போதாது. ஒரு தடவை நரம்பில் வந்தது மறுபடி வராது என்று யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது, ஆயிரக்கணக்கானவர்கள் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார்கள். இனி வண்டி ஓட்டக் கூடாது. தாம்பரத்தில், எந்த வண்டிக்கு எந்த மோட்டார்மேன் என்று ஆள் போடும் அலுவலகத்தில் வேலை. நியாயமான தீர்ப்பு என்று அவரும் சொன்னார். சொல்லிவிட்டு வாசலில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றார்.

ரயிலில் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அண்ணன் ஆபீஸ் பக்கத்துலதானே, பாத்துட்டுப் போவோமா?" என்றேன்.

ஆல்பர்ட் அண்ணன் விஷயத்தைக் கேட்டுக்கொண்டான். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "மாப்பிள்ளை, ஹார்பர் உள்ள போயிருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டான்.

"பீச் ஸ்டேஷன்ல வண்டியை நிறுத்துவேன், அந்தக் கேபின்ல இருந்து இந்தக் கேபினுக்கு நடப்பேன், திருப்பி எடுப்பேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் மதில் தெரியும். அவ்ளோதான் மச்சான்."

அண்ணன் யாரிடமோ பேசி எங்கள் இருவருக்கும் அனுமதிச் சீட்டு வாங்கி வந்தான். கேட்டைத் தாண்டி, மூட்டைகளையும் கிரேன்களையும் தாண்டிப் போனோம். மதிலுக்கு அந்தப் பக்கம் இவ்வளவு பெரிய உலகம் இருந்தது. துரு ஏறிய கப்பல் ஒன்று, எங்கள் தெரு முழுவதையும் உள்ளே வைக்கலாம், அத்தனை பெரியது. தண்ணீரில் எண்ணெய்ப் படலம் வானத்தைத் துண்டு துண்டாகக் காட்டியது. நிலக்கரித் தூசி, மீன், தார், எல்லாம் சேர்ந்த வாசனை.

வெளியே இருந்து ஒரு கப்பல் உள்ளே வந்துகொண்டிருந்தது. முன்னால் சின்ன இழுவைப் படகு, கயிறு கட்டி இழுத்தபடி.

சாலமன் கரை விளிம்பு வரை போய் நின்றார்.

"தண்டவாளம் இல்ல, ஒண்ணும் இல்ல. இவ்ளோ பெருசு எப்படி மச்சான் இடிக்காம வருது?"

"பைலட்னு ஒருத்தர் படகுல போய் மேல ஏறிக்குவார் மாப்பிள்ளை. அவருக்கு இந்தத் தண்ணி பூரா தெரியும். அவர் சொல்றபடிதான் திருப்புவாங்க."

"கேப்டன் விட்டுக்கொடுத்துடுவாரா?"

"கொடுத்துத்தானே ஆகணும்."

அவர் தலையாட்டினார். நான் பையிலிருந்து தாளை எடுத்து, ஒரு மூட்டை மேல் வைத்து, கரித்துண்டால் இழுக்க ஆரம்பித்தேன். கப்பலின் உடம்பு, படகின் புகை, விளிம்பில் முதுகைக் காட்டி நிற்கும் ஒரு மனிதர். நின்றபடியே வரைந்தேன், ஆனால் அன்று பின்னால் நகர்ந்து பார்க்கத் தோன்றவில்லை.

மதிலுக்கு அப்பாலிருந்து மின்சார வண்டி ஒன்றின் ஹாரன் கேட்டது. அவர் திரும்பாமலே காது கொடுத்தார்.

"வேலு ஓட்டற வண்டி," என்றார். "எப்பவும் ரெண்டு செகண்டு முன்னாடியே அடிச்சுடுவான். நாளைக்கு டியூட்டி போடறப்ப சொல்லணும் அவன்கிட்ட."

பிறகு கண்ணைக் கப்பலை விட்டு எடுக்காமல், "இரு கிரேஸ், அவசரப்படாதே," என்றார். "அது கரையைத் தொடறதைப் பாத்துட்டுப் போகலாம்."